ஏழாம் எண் திருகு அளவி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் மர அலமாரியில் பத்துத் திருகு அளவிகள் உள்ளன. எல்லாம் ஒரே ஆண்டில், ஒரே கடையில் வாங்கியவை. எல்லாவற்றுக்கும் புரியிடைத் தூரம் 1 மில்லிமீட்டர். தலைக்கோலில் 100 பிரிவுகள். ஆகவே மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். வாங்கிய நாளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு காண முடியாது. சில ஆண்டுகள் மாணவர்களின் கைபட்ட பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்குணம் வந்துவிட்டது. நான்காம் எண்ணில் முனைகள் தொடும்போது தலைக்கோலின் ஐந்தாம் பிரிவு அச்சுக்கோட்டில் நிற்கிறது. எனவே ஒவ்வோர் அளவிலிருந்தும் 0.05 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும். ஏழாம் எண்ணின் கதை வேறு. அதன் புரி தேய்ந்துவிட்டது. திசை மாற்றித் திருகினால் முனை நகராமல் தலை மட்டும் சற்றுச் சுழல்கிறது. எனவே அதன் கழுத்தில் ஆய்வக உதவியாளர் நூலில் ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்: 'ஒரு சுற்றுப் பின்னால் கொண்டுபோய், பிறகு முன்நோக்கி மட்டும் திருகவும். மூன்று முறை அளந்து சராசரி எடுக்கவும்.'

அந்தச் சீட்டு ஏழாம் எண்ணை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்ற ஒன்பதையும் மாணவர்கள் செய்முறைக் குறிப்பேட்டில் உள்ளபடியே பயன்படுத்துகிறார்கள். குறிப்பேட்டைத் திருத்தி அச்சிட வேண்டியதில்லை. கருவியை ஆலைக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டியதில்லை.

கணிப்பொறி நிரலில் இப்படி ஒரு சீட்டைக் கட்ட முடியுமா? நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே அச்சில் வார்த்த பல பொருள்களில் ஒன்றின் நடத்தையை மட்டும் மாற்ற முடியுமா? இதற்கு விடை, நாம் எந்த மொழியில் நிரல் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதைவிட, அந்த மொழியை ஆக்கியவர்கள் 'பொருள்' என்பதை எப்படிக் கண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

அச்சும் வார்ப்பும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், சில தரவுகளையும் அவற்றைக் கையாளும் செயல்முறைகளையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறோம். அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் பொருள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. ஆகவே ஒரு வகைக்கு ஒரு வார்ப்பு அச்சை எழுதிவைக்கிறோம். அந்த அச்சு இனக்குழு எனப்படும். 'திருகு அளவி' என்ற இனக்குழுவை ஒருமுறை எழுதினால், அதிலிருந்து பத்து அளவிகளையும் வார்த்துக்கொள்ளலாம். எண்ணும் அளவீடுகளும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இருக்கும். 'அளவைக் கணக்கிடு' என்ற செயல்முறை எல்லாவற்றுக்கும் பொது.

இந்தக் கருத்து பிறந்தது நார்வே நாட்டில். ஆஸ்லோ நகரத்து நார்வே கணிப்பு மையத்தில் பணியாற்றிய ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகோர் ஆகிய இருவரும் உருவாக்கிய 'சிமுலா 67' என்ற மொழியே இனக்குழுவையும் பொருளையும் முதன்முதலில் கொண்டிருந்தது. இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது. நிகோர் 1949-50 ஆண்டுகளில் நார்வேயின் முதல் அணு உலைக்கான கணக்குகளைப் போட்டவர் என்பதை அறியும்போது, இயற்பியல் ஆசிரியனான எனக்கு ஒரு சிறிய மகிழ்ச்சி. உலைக்குள் அலையும் நியூட்ரான்களைக் கணக்கிடுகிறவனுக்கு ஒவ்வொரு நியூட்ரானும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டது; இடமும் வேகமும்தான் வேறு. இனக்குழு என்ற கருத்து அத்தகைய உலகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது.

இயற்கையின் அடித்தளத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே மின்னூட்டமும் ஒரே நிறையும் கொண்டிருப்பதற்குக் காரணம், அவை எல்லாம் உண்மையில் ஒரே எலக்ட்ரான்தான் என்று ஜான் வீலர் தம் மாணவர் ஃபைன்மனிடம் தொலைபேசியில் கூறியதாக, ஃபைன்மன் தமது 1965-ஆம் ஆண்டு நோபல் உரையில் நினைவுகூர்கிறார். அந்த யோசனை நிலைக்கவில்லை என்பது வேறு. ஆனால் ஒரு குறிப்பிட்ட எலக்ட்ரானின் கழுத்தில் சீட்டுக் கட்ட முடியாது என்பது மட்டும் உறுதி. அலமாரியில் உள்ள திருகு அளவிகளோ எலக்ட்ரான்கள் அல்ல.

மதிப்பா, நடத்தையா?

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நான்காம் எண்ணுக்கு உண்மையில் எந்தத் தந்திரமும் தேவையில்லை. இனக்குழுவிலேயே 'சுழித்திருத்தம்' என்று ஒரு தரவை வைத்துவிட்டால் போதும். ஒன்பது கருவிகளில் அது 0. நான்காம் எண்ணில் -0.05. கணக்கிடும் முறை பத்துக்கும் ஒன்றேதான். மதிப்பு மட்டுமே வேறு. மாணவர்கள் எழுதும் நிரல்களில் தந்திரம் தேடும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவைதாம் என்பது என் அனுபவம். ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்துபோகும் சிக்கலுக்கு நடத்தையை மாற்றப் போகக் கூடாது.

ஏழாம் எண்ணில் மாறுவது எண் அன்று. வேலை செய்யும் முறையே மாறுகிறது. அளவீடுகளை மும்மூன்றாகப் பிரிக்க வேண்டும், சராசரி காண வேண்டும். இதை நிரலில் எப்படிச் சொல்வது?

முதலில் தோன்றும் வழி, இனக்குழுவின் செயல்முறைக்குள்ளேயே 'எண் 7 ஆனால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அப்படிச் செய்' என்று எழுதுவது. இது குறிப்பேட்டை அடித்துத் திருத்துவதற்கு ஒப்பாகும். அடுத்த ஆண்டு இரண்டாம் எண்ணின் பற்சக்கரம் கெட்டால் இன்னோர் 'ஆனால்'. சில ஆண்டுகளில் அந்தச் செயல்முறை, வழக்குகள் நிறைந்த பஞ்சாயத்து ஏடு போல ஆகிவிடும். இரண்டாவது வழி, 'தேய்ந்த திருகு அளவி' என்று ஒரு கிளை இனக்குழுவை ஏற்படுத்தி, மாறும் செயல்முறையை மட்டும் அதில் எழுதுவது. இது ஒழுங்கான வழி. ஆனால் ஏழாம் எண் ஏற்கெனவே மூல இனக்குழுவில் பிறந்துவிட்டதே! நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழாம் எண்ணில் இருபது அளவீடுகள் பதிவாகிவிட்டன, பதிவேடும் அட்டவணையும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில்தான் புரி தேய்ந்தது தெரியவருகிறது. புதிய பொருளைப் படைத்து, பழையதன் தரவையெல்லாம் மாற்றி, அதைச் சுட்டும் ஒவ்வோர் இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஏழாம் எண்கள் உலவும்.

நினைவகத்துக்குள் என்ன நடக்கிறது?

சி++, ஜாவா போன்ற மொழிகளில் நிரல்பெயர்ப்பி ஒவ்வோர் இனக்குழுவுக்கும் செயல்முறைகளின் அட்டவணை ஒன்றை அமைக்கிறது. ஒவ்வொரு பொருளும் தன் தரவுகளோடு, தன் இனத்தின் அட்டவணைக்கு வழிகாட்டும் ஒரு முகவரியையும் மறைவாக வைத்திருக்கிறது. 'அளவைக் கணக்கிடு' என்று ஏழாம் எண்ணுக்குக் கட்டளை வந்தால், கணிப்பொறி அந்த முகவரிக்குச் சென்று, அட்டவணையில் உரிய வரிசையிலுள்ள செயல்முறையை நிறைவேற்றுகிறது. பத்துப் பொருள்களும் வைத்திருப்பது ஒரே முகவரி. அட்டவணையில் கைவைத்தால் பத்தும் மாறிவிடும். ஒன்றை மட்டும் மாற்ற இடமே இல்லை. இது குறையாக விடப்பட்டதன்று, விரும்பிச் செய்த ஏற்பாடு. ஒரு பொருளின் இனத்தை அறிந்தால் அது எப்படி நடக்கும் என்பதை நிரல் ஓடுமுன்பே சொல்லிவிடலாம், வேகமும் கிடைக்கிறது.

பைத்தான் மொழி வேறு பாதையில் செல்கிறது. அங்கே பொதுவாக ஒவ்வொரு பொருளும் தனக்கென ஒரு சிறு குறிப்பேட்டை வைத்திருக்கிறது. பெயர் ஒரு பக்கம், அதற்குரிய மதிப்பு மறு பக்கம். ஏழாம் எண்ணிடம் 'அளவைக் கணக்கிடு' எங்கே என்று கேட்டால், கணிப்பொறி முதலில் ஏழாம் எண்ணின் சொந்தக் குறிப்பேட்டைப் புரட்டும். அங்கே இல்லாவிட்டால்தான் இனக்குழுவின் குறிப்பேட்டுக்குப் போகும். சாதாரணமாகச் சொந்தக் குறிப்பேட்டில் தரவுகள் மட்டுமே இருக்கும். ஆனால் அங்கே ஒரு செயல்முறையையும் எழுதிவைக்க எந்தத் தடையும் இல்லை! எழுதிவைத்தால், தேடல் அங்கேயே நின்றுவிடும். இனக்குழுவின் செயல்முறை மறைந்துபோகும். மற்ற ஒன்பது கருவிகளின் சொந்தக் குறிப்பேடுகளில் அப்படி ஒன்றும் இல்லை. அவை வழக்கம்போல இனக்குழுவிடமே போகும். கழுத்தில் சீட்டுக் கட்டியாயிற்று.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதை நான் கற்ற விதத்தைப் பிறகு சொல்கிறேன். இனக்குழுவில் எழுதிய செயல்முறையை ஒரு பொருளின் வழியாக அழைத்தால், 'தான்' என்பது யார் என்பதை மொழியே நிரப்பிக்கொள்கிறது. ஏழாம் எண் வழியாக அழைத்தால் 'தான்' ஏழு; எட்டு வழியாக அழைத்தால் எட்டு. சொந்தக் குறிப்பேட்டில் நாமாக வைக்கும் செயல்முறைக்கு இந்த உதவி கிடையாது. 'தான் என்றால் ஏழாம் எண்' என்று நாமே அதில் கட்டிவைக்க வேண்டும். மேலும், கூட்டல் குறி, நீளம் காணல் போன்ற மொழியின் உள்ளார்ந்த வேலைகளுக்குப் பைத்தான் சொந்தக் குறிப்பேட்டைப் பார்ப்பதே இல்லை. நேரே இனக்குழுவுக்குப் போய்விடும். அங்கே சீட்டுச் செல்லாது.

ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995-இல் வெளியிட்ட ரூபி மொழியில் இதே காரியத்துக்கு அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு பொருளுக்கு மட்டும் செயல்முறை எழுதினால், ரூபி அந்த ஒரு பொருளுக்காகவே ஒரு மறைவான இனக்குழுவைப் படைத்து, பொருளுக்கும் அதன் பழைய இனக்குழுவுக்கும் நடுவே செருகிவிடுகிறது. ஒற்றை உறுப்பினர் மட்டுமே உள்ள சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடும் விதி மாறவேயில்லை. பாதையில் ஒரு படி கூடியிருக்கிறது, அவ்வளவே. பழைய லிஸ்ப் மொழியின் வழிவந்த கமன் லிஸ்ப் இன்னும் துணிச்சலானது. 1994-இல் தரப்படுத்தப்பட்ட அம்மொழியில், வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளை, அதன் அடையாளம் கெடாமல், வேறோர் இனக்குழுவுக்கு மாற்றவே ஒரு கட்டளை உண்டு. நாம் முன்பு கண்ட 'இரண்டு ஏழாம் எண்கள்' என்னும் தொல்லை அங்கே எழாது.

அச்சே இல்லாத உலகம்

1986-இல் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் டேவிட் உங்கர், ராண்டல் ஸ்மித் ஆகிய இருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒவ்வொரு பொருளும் தன் நடத்தையைத் தானே வைத்திருக்கலாமென்றால், இனக்குழு என்ற ஒன்று எதற்கு? அக்கேள்வியின் விளைவாகத் தோன்றிய 'செல்ஃப்' மொழியில் இனக்குழுவே கிடையாது. ஒரு நல்ல திருகு அளவியைச் செய். மற்றவற்றை அதன் நகலாக எடு. வேறுபட வேண்டிய இடத்தில் வேறுபடுத்து. தன்னிடம் இல்லாததைப் பெற்றோராக அமைந்த மற்றொரு பொருளிடம் கேட்டுக்கொள். இவ்வளவுதான் விதி. ஒரு பொருளை மட்டும் மாற்றுவது அங்கே தந்திரமே அன்று. அதுதான் இயல்பான நடை.

இந்தக் கருத்து ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, பொருள் பற்றிய தன் கொள்கையைச் செல்ஃப் மொழியிடமிருந்தே பெற்றது. இன்று ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இணைய உலாவியிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பொருளும் தனிப்பிறவி என்றால், எந்தத் தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டும்; நிரல் ஆமை வேகத்தில் செல்லும். ஆகவே செல்ஃப் மொழியை ஆக்கியவர்கள், ஒரே உருவமுடைய பொருள்களைக் கணிப்பொறியே கண்டுகொண்டு திரைக்குப் பின்னால் குழுக்களாகச் சேர்க்கும்படி செய்தார்கள். முன்வாசலில் விரட்டிய இனக்குழு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது! 2008-இல் கூகுள் வெளியிட்ட குரோம் உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட் பொறியும் இதே உத்தியைக் கையாள்கிறது. அதை உருவாக்கிய லார்ஸ் பாக், செல்ஃப் குழுவில் வேலை செய்தவர். இதனால் நமக்கு ஒரு செய்தி: ஒரு பொருளில் நடுவழியில் புதிய உறுப்பைச் சேர்த்தால் அது தன் குழுவைவிட்டு வெளியேறுகிறது. அந்தப் பொருளைக் கையாளும் வேகம் குறையக்கூடும். சீட்டுக் கட்டுவதற்கு ஒரு சிறு கூலி உண்டு.

பதினோராம் எண்

நான் மேலே சொல்வதாகக் கூறியது இதுதான். செய்முறை வகுப்பில் மாணவர்கள் எடுக்கும் அளவீடுகளைப் பதிந்து, கம்பியின் விட்டத்தையும் பிழை எல்லையையும் கணக்கிட ஒரு நிரலைப் பைத்தானில் எழுதியிருந்தேன். மூன்று மணி நேர வகுப்பின் நடுவில் ஏழாம் எண்ணின் தேய்மானம் தெரியவர, நிரலை நிறுத்தாமலே அந்தப் பொருளுக்கு மட்டும் புதிய செயல்முறையைக் கட்டினேன். நன்றாகவே வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

சில நாள்களில் வேறு துறையிலிருந்து ஒரு பழைய திருகு அளவி வந்து சேர்ந்தது. அதுவும் தேய்ந்ததே. அதற்குப் பதினோராம் எண் கொடுத்தேன். ஏழாம் எண்ணின் பொருளை நகலெடுத்து, எண்ணை மாற்றி, அளவீடுகளுக்குப் புதிய வெற்றுப் பட்டியலையும் வைத்தேன். இரண்டு கருவிகளாலும் ஒரே கம்பியை அளக்கச் சொன்னேன். முடிவு: இரண்டும் 0.3833 மில்லிமீட்டர். நான்காம் தசம இடம்வரை ஒத்துப்போயின! முறையாகக் கையாண்டால் தேய்ந்த கருவியும் நம்பகமானதே என்று மாணவர்களிடம் விளக்கினேன். அவர்களுடைய திட்ட அறிக்கையிலும் அந்த வாக்கியம் ஏறிவிட்டது.

அறிக்கையை ஒப்படைக்கும் முன்நாள் ஒரு மாணவி வந்து நின்றாள். பதினோராம் எண்ணுக்கு 0.38 என்று பதிய வேண்டிய இடத்தில் தவறுதலாக 3.8 என்று தட்டச்சு செய்துவிட்டாளாம். திருத்திவிட்டாள். ஆனால் அவள் கேட்டது வேறு: "சார், நான் தப்பாப் போட்டப்பவும் விடை மாறலையே, ஏன்?"

பத்து மடங்கு பிழையான எண்ணை உள்ளே போட்டும் முடிவு அசையவில்லை என்றால், அந்த எண்களை நிரல் பார்க்கவே இல்லை என்று பொருள். தேடிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நகலெடுக்கும்போது சொந்தக் குறிப்பேட்டில் இருந்த செயல்முறையும் சேர்ந்தே நகலாகியிருக்கிறது. ஆனால் அந்தச் செயல்முறைக்குள் 'தான் என்றால் ஏழாம் எண்' என்று நான் கட்டிவைத்தது அப்படியே இருந்தது. பதினோராம் எண்ணிடம் கேட்டபோதெல்லாம் அது ஏழாம் எண்ணின் அளவீடுகளை எடுத்து, சராசரி கண்டு, தன் விடையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் மெச்சிய ஒற்றுமை, ஓர் எண் தன்னோடு தானே ஒத்துப்போன ஒற்றுமை! சரியாகக் கணக்கிட்டபோது பதினோராம் எண்ணின் விடை 0.02 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அறிக்கையில் அந்தப் பகுதியை இரவோடு இரவாக மாற்றி எழுதினோம்.

மேலோட்டமான நகலுக்குப் பதில் ஆழ்நகல் எடுக்கும் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் பைத்தான் இந்தக் கட்டையும் அவிழ்த்துப் புதிய பொருளோடு சரியாகக் கட்டியிருக்கும். ரூபியில் நகலெடுக்க இரண்டு கட்டளைகள் இருப்பதன் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒன்று சீட்டோடு நகலெடுக்கும். மற்றொன்று சீட்டில்லாமல் எடுக்கும். எது வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவர் ஒருமுறையாவது நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பையில் வைத்த அட்டை

அப்படியானால் ஜாவாக்காரர்கள் ஏழாம் எண்ணை என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் வழியுண்டு. 1994-இல் எரிக் காமா முதலிய நால்வர் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற நூலில் 'நிலை' என்னும் பெயரில் ஓர் அமைப்பு விளக்கப்பட்டிருக்கிறது. கழுத்தில் சீட்டுக் கட்டுவதற்குப் பதிலாக, வார்க்கும்போதே பத்துக் கருவிகளுக்கும் ஒரு சிறு பையை வைத்துவிடுகிறோம். பையில் 'அளக்கும் முறை' என்ற அட்டை. அட்டையும் ஒரு பொருளே. கணக்கிடச் சொன்னால், கருவி தானாக எதையும் செய்யாமல், பையிலுள்ள அட்டையிடம் ஒப்படைத்துவிடும். ஏழாம் எண்ணில் மட்டும் அட்டையை மாற்றினால் அதன் நடத்தை மாறிவிடும். நிரல் ஓடும்போதே மாற்றலாம். கருவியின் இனம் மாறவில்லை, அட்டவணை மாறவில்லை. அந்நூலார் காட்டும் உதாரணம் இணைய இணைப்பு. திறந்த நிலையில் ஒருவிதமாகவும், மூடிய நிலையில் வேறுவிதமாகவும் அதே பொருள் நடந்துகொள்கிறது.

எந்த இடத்தில் மாற்றம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், நான் இப்போது பையைத்தான் வைக்கிறேன், பைத்தானிலும் அப்படியே. பார்த்த மாத்திரத்தில் எந்தக் கருவியில் எந்த அட்டை என்று தெரியும். எதிர்பாராத இடத்தில் சிக்கல் வந்தால் மட்டும் சீட்டு. சோதனை வேலைகளில் சீட்டு மிகவும் பயன்படும். மின்னஞ்சல் அனுப்பும் ஒரு பொருள் நிரலில் இருந்தால், சோதிக்கும்போது உண்மையிலேயே நூறு பேருக்கு மின்னஞ்சல் போய்விடக் கூடாதல்லவா? அந்த ஒரு பொருளின் 'அனுப்பு' செயல்முறையை மட்டும் தற்காலிகமாக மறைத்து, 'அனுப்பியதாகக் குறித்துக்கொள்' என்று வைத்துவிடலாம். இதற்கான கருவிகளைப் பைத்தான் 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து தன்னுடனேயே தருகிறது.

ஏழாம் எண் சென்ற மாதம் பழுதுபார்க்கப்பட்டு, புதிய புரியோடு திரும்பி வந்தது. ஆய்வக உதவியாளர் நூலை அறுத்துச் சீட்டைக் கழற்றினார். நிரலிலும் ஒரே வரிதான்: ஏழாம் எண்ணின் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து அந்தச் செயல்முறையை நீக்கு. நீக்கியவுடன் வேறெதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நாளும் மறைந்துகிடந்த இனக்குழுவின் பொதுச் செயல்முறை, அடுத்த அளவீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பதினோராம் எண்ணின் கழுத்தில் மட்டும் சீட்டு இன்னும் தொங்குகிறது. இம்முறை அதில் எண்ணையும் தேதியையும் எழுதியிருக்கிறோம்.